முதல் சட்டை

ஹுவாலியென்
11 மார்ச் 1984

அக்கா,

நேற்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளே இருப்பது உதைத்தது. சாக்பீஸ் கீழே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்.

இன்னும் ஐந்து வாரம். தாவ்ஷெங் பிரசவத்துக்காக ரயில்வேயில் லீவு கேட்டிருக்கிறார். கிடைக்காது.

ஒரு கோரிக்கை. என் மாமியார் சீனப் பெருநிலத்திலிருந்து வந்த மனுஷி, அவருக்கு எதற்கும் ஒரு முறை உண்டு. நேற்று கேட்டார்: "உன் பொறந்த வீட்டுல தாட்டியமா ஒரு பையனும் இல்லியா?"

"இருக்கான். அக்கா பையன் அஹோங். ஆறு வயசு. எருமைக் கன்னு மாதிரி இருப்பான்."

"அப்ப அவன் பொறந்தப்போ போட்ட சட்டையக் கேளு. அதைத்தான் மொதல்ல போடணும். தொவைக்காம போடணும். தொவைச்சா அந்தத் தெம்பு தண்ணியோட போயிரும்."

தைபெயில் நான்கு வருடம் படித்தவள். இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்காதே. அனுப்பு, அவ்வளவுதான். அம்மா போனதிலிருந்து எனக்குப் பிறந்த வீடு என்றால் நீதான்.

சுக்யென்

•

கொங்குவான், மியாவ்லி
2 ஏப்ரல் 1984

அன்புள்ள சுக்யென்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே விடாத மழை. அஹோங்கின் அப்பா ஓடை கரையை அரித்துவிடும் என்று தோட்டத்திலேயே கிடக்கிறார்.

மூன்று சட்டைகள், ஒரு புலித் தொப்பி, வயிற்றில் கட்டும் துணி ஒன்று அனுப்புகிறேன். நம் அம்மாவின் சீதனப் பெட்டி என்னிடம் வந்ததல்லவா, அது இப்போது மாமியார் அறையில் இருக்கிறது. சட்டைகள் அதில்தான் இருந்தன. பன்னிரண்டு நாளைக்குப் பிறகு நேற்று மதியம்தான் வெயில் அடித்தது. கொடியில் போட்டு எடுத்தேன்.

[இங்கே ஒரு முழு வரி மையால் அழுத்தி அடிக்கப்பட்டிருக்கிறது.]

சிவப்பு இலந்தை வற்றலும் பழைய இஞ்சியும் வைத்திருக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு கோழியை இஞ்சியோடு அரிசி மதுவில் வேகவைத்து முப்பது நாளும் சாப்பிடு. குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே. மாமியாரிடம் மரியாதையாக இரு.

உன் அக்கா
யுன்மோய்

•

ஹுவாலியென்
9 மே 1984

அக்கா,

பையன். ஏப்ரல் பத்தொன்பது. யோங்ஆன் என்று பெயர்.

வரிசையாக எழுத முயல்கிறேன்.

பார்சலைப் பிரித்ததும் அம்மாவின் பெட்டி வாசனை அறை முழுவதும் வந்தது. நான் அழுதேன். பிறந்த அன்றே அந்தச் சட்டையைப் போட்டோம். கை நீளம். விரல் நுனி மட்டும் வெளியே.

மூன்றாம் நாள் கண் வெள்ளை மஞ்சளானது. "எல்லாக் குழந்தையும் மஞ்சளாத்தான் வரும், பழம் மாதிரி. வெளிச்சத்துல காட்டு" என்றார் மாமியார். காட்டினேன். ஐந்தாம் நாள் பால் குடிக்கவில்லை. முதுகை வில்லாக வளைத்தான். அழுகை குழந்தை அழுகையாக இல்லை. கீச்சென்று, ஏதோ பறவை.

மருத்துவமனையில் அவன் ரத்தம் முழுவதையும் மாற்றினார்கள். தொப்புள் வழியாகக் கொஞ்சம் எடுப்பது, கொஞ்சம் செலுத்துவது. யாருடைய ரத்தம் என்று கேட்டேன். முகாமிலிருந்து வந்த ஒரு சிப்பாயுடையது என்றார்கள்.

இப்போது வீட்டில். குடிக்கிறான். தூங்குகிறான்.

இனி எழுதுவது உனக்கு மட்டும்.

நர்ஸ் கேட்டாள்: "கடைசி மாசத்துல ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?" இல்லை என்றேன். பொய். தேர்வுத்தாள் திருத்திய வாரத்தில் தலைவலி. முனைக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கினேன். என்ன மாத்திரை என்றுகூடப் பார்க்கவில்லை. தாவ்ஷெங் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கும் தெரியாது.

அது என் வாயில் கரைந்த கசப்பு இன்னும் இருக்கிறது.

சுக்யென்

•

கொங்குவான்
17 மே 1984

அன்புள்ள சுக்யென்,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன்.

குழந்தை பிழைத்துவிட்டது, அதுதான் முக்கியம். நடந்ததைத் தோண்டிக்கொண்டிருந்தால் பால் வற்றிவிடும். மாத்திரை விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம். உன் மாமியாருக்கு நிச்சயம் தெரியக் கூடாது. நானும் மறந்துவிடுகிறேன்.

அந்தப் பழைய சட்டைகள் இனி எதற்கு. தூக்கிப் போட்டுவிடு. புதிதாக மூன்று தைத்து அனுப்பியிருக்கிறேன், இரண்டு தடவை துவைத்தது.

யுன்மோய்

•

ஹுவாலியென்
26 பிப்ரவரி 1985

அக்கா,

சீனப் புத்தாண்டுக்கு வாசலில் பட்டாசுச் சரம் கொளுத்தினோம். பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் ஓடியது. தாவ்ஷெங்கின் அண்ணன் குழந்தைகள் மூன்றும் அலறின. யோங்ஆன் என் இடுப்பில். புகையைப் பார்த்துக் கை நீட்டினான்.

"பாரு, பயமே கெடையாது. தளபதி ஆவான்" என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவன் காதுக்குப் பின்னால் கை தட்டினேன். மறுபடி தட்டினேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

தைபெய் போய் வந்தோம். இரண்டு காதும் கேட்காது. பிறந்த வாரத்து மஞ்சள் மூளைக்குள் போய் அங்கே கறைபடிந்துவிட்டது என்றார் காது மருத்துவர். கழுத்து நிற்கத் தாமதமானதும் அதனால்தான்.

அவர் ஒன்று கேட்டார்: "நீங்க ஹக்கா இனமா? அம்மா வழியில யாருக்காவது அவரை நோய் உண்டா? அகல அவரை சாப்பிட்டா ரத்தம் உடையிறது. பையன்களுக்குத்தான் வரும், அம்மா வழியா."

எனக்குத் தெரியாது என்றேன். "கேட்டுட்டு வாங்க. இருந்தா ரத்தம் எடுத்துப் பார்ப்போம். இல்லேன்னா புள்ளைய மறுபடி குத்த வேண்டாம்."

நம் வீட்டில் அகல அவரை சமைத்ததே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒருநாள்கூட. ஏன்?

அஹோங் சாப்பிடுவானா?

சுக்யென்

•

கொங்குவான்
5 மார்ச் 1985

அன்புள்ள சுக்யென்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் சோற்றைக் கருகவிட்டேன்.

அஹோங் எல்லாம் சாப்பிடுவான். நம் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அந்த அவரை பிடிக்காது, அவ்வளவுதான்.

நெல் நாற்று வேலை தொடங்கிவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

யுன்மோய்

•

ஹுவாலியென்
18 ஆகஸ்ட் 1985

அக்கா,

ஐந்து மாதமாக நீ எழுதவில்லை. நானும்.

மறுபடி கர்ப்பம். இரண்டு மாதம். தாவ்ஷெங்குக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவார். அந்த முகத்தைப் பார்க்க முடியாது.

முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனைக்குப் போகிறேன். எடுத்துவிடச் சொல்லி. இப்போது சட்டமே அனுமதிக்கிறது.

நீயே சொல்லிவிட்டாய், குடும்பத்தில் ஒன்றும் இல்லை என்று. அப்படியென்றால் மிச்சம் இருப்பது நான்தான். ஒரு தலைவலியைப் பொறுக்க முடியாமல் குழந்தையின் காதை அடைத்தவள். யோங்ஆன் என் உதட்டையே பார்க்கிறான். அது அசைவது அவனுக்கு விளையாட்டு. நான் வாயைக் கையால் மூடிக்கொள்கிறேன். அவனும் மூடிக்கொள்கிறான்.

இரண்டாவது ஒன்றை நம்பி என்னிடம் கொடுக்க முடியாது.

பதில் தேவையில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். அதற்கும் நீதான்.

சுக்யென்

•

கொங்குவான்
23 ஆகஸ்ட் 1985, அவசரத் தபால்

சுக்யென்,

போகாதே. அந்த மாத்திரை இல்லை. கடைசிவரை படி, பிறகு என்ன வேண்டுமானாலும் செய்.

அஹோங்குக்கு அவரை நோய் இருக்கிறது.

அவனுக்கு மூன்று வயது. கோயில் திருவிழாவில் அவன் அப்பா வறுத்த அகல அவரை ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் நாள் ஒன்றுக்குப் போனது கறுப்புத் தேநீர் மாதிரி இருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. சிஞ்சு மருத்துவமனைக்கு நான் மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் சொன்னார்: "இது அம்மாகிட்டேர்ந்து வர்றதும்மா. உங்களுக்கு ரெண்டு இழை, ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு தாங்கும். பையனுக்கு ஒண்ணுதான். கெட்டது போயிருந்தா அவ்வளவுதான்." அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார், நான்கு வயதில், அகல அவரை அறுவடை மாதத்தில் இறந்துபோனார். அது எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

டாக்டர் ஒரு சீட்டு கொடுத்தார். கூடாதவை: அகல அவரை, சில மாத்திரைகள், பாச்சை உருண்டை. உருண்டையின் வாசனையே போதும், பச்சைக் குழந்தை என்றால் உயிருக்கே ஆபத்து என்று வாயாலும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஈரலில் சூடு என்று சொன்னேன். சீட்டை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். என் அறையில் இருந்த உருண்டைகளையெல்லாம் பொறுக்கிப் போட்டேன். மாமியார் அறையில் கை வைக்கவில்லை. ஏன் என்று கேட்பார்.

அப்போது உனக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே தெரிந்தால் உன் கல்யாணம் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. கெட்ட ரத்தம் கொண்டுவந்த மருமகள் என்று என்னைச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

நீ சட்டை கேட்டாய். அஹோங் திடமான பையன் என்று எழுதியிருந்தாய். இல்லை என்று எப்படிச் சொல்வேன். பெட்டியைத் திறந்ததும் உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. எட்டு பத்து உருண்டை, பாதி கரைந்து. எனக்குத் தெரிந்தது, சுக்யென். மறந்துபோய்ச் செய்யவில்லை. அரை நாள் வெயிலில் போட்டேன், முகர்ந்தேன், குறைந்திருக்கிறது என்று என்னை நம்பவைத்தேன். கடிதத்தில் இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டுப் போடு என்று எழுதினேன். துவைக்கக் கூடாது என்று உன் மாமியார் சொன்னதை நீ எழுதியிருந்தாய். ஏன் துவைக்க வேண்டும் என்று கேட்பாய். அந்த வரியை அடித்தேன்.

மாத்திரை என்று நீ எழுதியபோது எனக்கு நெஞ்சு லேசானது. அதை எழுதக் கை கூசுகிறது. லேசானது. பதினைந்து மாதம் உன்னை அதிலேயே விட்டுவைத்தேன். மார்ச்சில் நீ நேராகக் கேட்டும் பொய் சொன்னேன்.

போன் கூடத்தில் இருக்கிறது, மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில். இன்று காலை இரண்டு தடவை எடுத்து வைத்தேன். "யாருக்குடி?" என்றார். "தப்பு நம்பர்" என்றேன். நானே சுழற்றிவிட்டு.

இந்தக் கடிதம் வெள்ளிக்கு முன்னால் வந்துவிடும்.

யுன்மோய்

•

ஹுவாலியென்
8 செப்டம்பர் 1985

உன் அவசரத் தபால் செப்டம்பர் நான்காம் தேதி வந்தது. புயலில் மலைச்சாலை சரிந்து தபால் கடல் வழியாகச் சுற்றி வந்ததாம்.

வெள்ளிக்கிழமை நான் போனேன். ஃபாரம் கொடுத்தார்கள். கணவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். தெரியாது, அதைக்கூட நான் விசாரித்திருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அவர் பெயரை நானே எழுதப் பார்த்தேன். முதல் எழுத்து போட்டேன். மேசைக்காரம்மா பார்த்துவிட்டாள். "டீச்சர்தானே நீங்க? என் பொண்ணு உங்க வகுப்புல படிக்கிறா" என்றாள். ஃபாரத்தை வாங்கி நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தேன்.

ஆக, உன் கடிதம் எதையும் நிறுத்தவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மாத்திரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று எழுதினாய். நானும் மறந்துவிடுகிறேன் என்று எழுதினாய். அந்தக் கடிதத்தை நான் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பேருந்தில் எடுத்துப் படிப்பேன். உலகத்தில் ஒருத்தியாவது என்னை மன்னித்தாள் என்று.

யோங்ஆனுக்கு ரத்தம் எடுத்தாயிற்று. இருக்கிறது.

தாவ்ஷெங்கிடம் எல்லாம் சொன்னேன். கர்ப்பத்தை, ஃபாரத்தை, மாத்திரையை, உன்னை. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போனார். அது அவருடைய ஓய்வு நாள்.

எழுதாதே.

•

கொங்குவான்
15 செப்டம்பர் 1985

சுக்யென்,

எழுதாதே என்றாய். இது எனக்காக இல்லை. நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மாமியாரிடம் சொன்னேன். அவர் கூடத்தில் கடுகுக்கீரை ஊறுகாய்க்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் நின்று, அஹோங்குக்கு ஈரல் சூடு இல்லை, அவரை நோய், அது என் ரத்தம் என்றேன். அவர் நிமிரவே இல்லை.

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னிக்கி அவன் மூத்திரத் துணியத் தொவைச்சது யாரு? நீ ஆஸ்பத்திரிக்கு ஓடிட்ட. தண்ணி கருப்பா வந்துச்சு. என் கொழுந்தன் பொண்டாட்டி வீட்டுல ஒரு பையனுக்கு இப்பிடித்தான் வந்துது. நாலு வருஷமா நம்ம வீட்டுல அவரை வந்துதா? யாரு நிறுத்துனான்னு நெனச்ச?"

"ஏன் அத்தை என்கிட்ட கேக்கல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். மருமவளுக்கு மொகம்னு ஒண்ணு இருக்குமே, அதை ஏன் நான் கிழிக்கணும்."

பிறகு நான் சட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் கை உப்புக்குள்ளேயே நின்றுவிட்டது.

"உருண்டையா?" என்றார். "உருண்டையும் ஆவாதா? அது எனக்குத் தெரியாதுடி. மழைக்குப் பூச்சி வரும்னு வருஷா வருஷம் நான்தானே போட்டேன். ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல? ஒரே ஒரு வார்த்தை."

இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பெட்டியை முற்றத்தில் போட்டு வெந்நீர் ஊற்றித் தேய்க்கிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. தெருவில் போகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுல அவரை நோய் இருக்கு, உங்க வீட்டுலயும் பாத்துக்குங்க" என்கிறார். எந்த வாய்க்குப் பயந்து உன் பிள்ளையின் காதைக் கொடுத்தேனோ அந்த வாய்.

அஹோங்கையும் அவன் அக்கா அயிங்கையும் சிஞ்சுக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். அயிங்குக்குப் பதினோரு வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப என் ரத்தத்துலயும் இருக்குமா?" என்றாள். இருக்கலாம் என்றேன். "இருந்தா கழுத்துல அட்டை எழுதி மாட்டிக்கிறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேருந்தில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

உன் மாமியாரிடம் நான் வந்து சொல்ல வேண்டும் என்றால் வருகிறேன். வரக் கூடாது என்றால் வரவில்லை.

யுன்மோய்

•

ஹுவாலியென்
1 அக்டோபர் 1985

அக்கா,

நிலா விழா முந்தாநாள் முடிந்தது. தாவ்ஷெங் பொம்மை ரயில் ஒன்று வாங்கி வந்தார். சத்தம் போடுகிற ரயில். கொடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. யோங்ஆன் அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்து அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவரும் தரையில் உட்கார்ந்து தன் கையை அதன் மேல் வைத்தார். அன்றைக்குத்தான் என்னோடு பேசினார்.

தைபெய் போனேன். வேறு மருத்துவர், மரபணுப் பிரிவில். குடும்பத்தை வரையச் சொன்னார். நான் ஊரிலிருந்து நகலெடுத்திருந்த நம் குலநூலைக் காட்டினேன். பதினேழு தலைமுறை. அவர் புரட்டிவிட்டு மூடினார். "இதுல ஆம்பளைங்க மட்டும்தான் இருக்காங்க" என்றார். இந்த நோய் வந்த வழியில் இருந்தவர்கள் யாரும் அந்த நூலில் இல்லை. நீ, நான், அம்மா, அம்மாவின் அம்மா.

வெள்ளைத் தாளில் வரைந்தார். பையன் என்றால் சதுரம். பெண் என்றால் வட்டம். யோங்ஆனின் சதுரத்தை முழுக்கக் கறுப்பாக்கினார். என் வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி, நோயைச் சுமந்து கொடுப்பவள் என்று. பக்கத்தில் இன்னொரு வட்டம், அதிலும் புள்ளி. அது நீ. இரண்டும் ஒரே அளவு.

வயிற்றில் இருப்பது பையனாக இருந்தால் இரண்டில் ஒரு வாய்ப்பு. பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்துவிடலாம். உருண்டை இல்லாத வீடு, அவரை இல்லாத அடுப்பு, சீட்டைப் பார்த்துத் தரும் மருந்து. அவ்வளவுதான் என்றார். அஹோங் மாதிரி எருமைக் கன்றாக வளர்வான். அவ்வளவுதான் என்ற அந்த வார்த்தையைக் கேட்டு நான் அவர் முன்னால் அழுதேன்.

அந்த இரண்டு மாத்திரையின் பெயரை முனைக் கடையில் கேட்டு வந்திருந்தேன், காட்டினேன். இவ்வளவுக்கும் அது காரணமாக இருக்காது என்றார். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன்.

மாமியாரிடம் தாவ்ஷெங் சொல்லிவிட்டார். துவைக்காதே என்று சொன்ன அன்றிலிருந்து எல்லாவற்றையும் அவரும் எண்ணிப் பார்க்கிறார் போலிருக்கிறது. சமையலறையில் என் கண்ணைப் பார்ப்பதில்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து யோங்ஆனின் துணிகளைத் துவைத்துவிடுகிறார். நேற்றுத் துவைத்ததையும்.

போன கடிதத்தில் முழுவதும் உன்னுடையது என்பது போல எழுதினேன். நீயும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாய். அதனால் இதை எழுதுகிறேன். எழுதாமல் வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது.

நீ அடித்த வரி.

பார்சல் வந்த அன்றே அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே நீ அடித்ததை நான் அப்படித்தான் படிப்பேன், உனக்குத் தெரியாது. மைக்கு அடியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு தடவை. சோப்புப் போட்டு. துவைத்துவிட்டுப் போடு.

படித்தேன். அக்கா ஏன் எழுதினாள் என்று யோசித்தேன். ஏன் அடித்தாள் என்று யோசிக்கவில்லை. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். கொல்லையில் வாளியை வைத்துத் தண்ணீர் பிடித்தேன். சோப்பை எடுத்தேன். போடுவதற்கு முன்னால் சட்டையை ஒரு தடவை முகத்தில் வைத்தேன். அம்மா பெட்டியைத் திறக்கும்போது வரும் அதே வாசனை. துவைத்தால் போய்விடும்.

தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டேன்.

வா. அஹோங்கைக் கூட்டிக்கொண்டு வா.

சுக்யென்